நீரிழிவும் குருதியின் முன்னறிவிப்பும்

பெயர் உணர்த்தும் பொருள்

நீரிழிவு என்னும் சொல்லை ஆராய்வார்க்கு அதனுள் ஒரு காட்சி புலனாகும். இழிதல் என்பது மேலிருந்து கீழே இறங்குதல். அருவி மலையிலிருந்து இழிகிறது. அதுபோல உடலிலிருந்து நீர் ஓயாது இழியும் நோய் ஆதலின் இது நீரிழிவு எனப்பட்டது. கிரேக்க மருத்துவர் வழங்கிய ‘டயபீட்டிஸ்’ என்னும் பெயரும் ஊடே பாய்ந்து செல்லுதல் என்ற பொருளையே தரும். வடமொழி மருத்துவ நூல்கள் இதனை மதுமேகம் என்றன. மது என்பது தேன். மலாய் மொழியில் இதற்குக் ‘கென்சிங் மானிஸ்’ என்று பெயர். மலேசியத் தமிழரிடையே வழங்கும் இனிப்புநீர் என்னும் சொல்லும் அப்பொருளையே உடையது.

இப்பெயர்கள் யாவும் சிறுநீரைச் சுட்டுவன. நோய் கண்ணுக்குத் தெரிந்த இடத்தைக் கொண்டு முன்னோர் பெயரிட்டனர். 1776ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மாத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரில் மட்டுமன்றிக் குருதியின் நீர்ப்பகுதியிலும் இனிப்புச் சுவை உண்டு என்பதை எழுதி வெளியிட்டார். அதன்பின் அறிஞர்தம் நோக்கு சிறுநீரிலிருந்து குருதிக்குத் திரும்பியது. இன்று அவ்வாராய்ச்சி இன்னும் ஒரு படி முன்னேறியுள்ளது. குருதியில் சர்க்கரை மிகுவதற்குப் பல ஆண்டுகட்கு முன்னரே அதே குருதியில் வேறு பல மாறுதல்கள் தொடங்கிவிடுகின்றன என்பது தெளிவாகியுள்ளது. சர்க்கரை மிகுதல் நோயின் தொடக்கம் அன்று. உடலுக்குள் நெடுநாள் நடந்த ஒரு போராட்டத்தின் பிற்பகுதி. அப்போராட்டத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை அறிவதன் தேவையை ஒரு கணக்குக் காட்டும். மலேசியாவில் 2019இல் நடந்த நாடளாவிய உடல்நலக் கணக்கெடுப்பில், பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆனோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் 9.4 பேர் தம் நோயை முன்னரே அறிந்திருந்தனர். எஞ்சிய 8.9 பேருக்குக் கணக்கெடுப்போர் குருதியைச் சோதித்தபோதுதான் அது தெரிந்தது. சர்க்கரை மிகுந்த பின்னும் பாதிப்பேர் அறியாதிருந்தனர் என்றால், அதற்கு முந்திய நிலையில் உள்ளோரின் அறியாமையைச் சொல்லவும் வேண்டுமோ?

கணையத்தின் பணி

வயிற்றின் பின்புறத்தே குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரப்பது. அப்பகுதிக்கு இடையிடையே, கடலில் தீவுகள் போல, சிறுசிறு உயிரணுத் திட்டுகள் உள்ளன. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பார் இவற்றை முதன்முதல் விவரித்தார். ஒரு கணையத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் திட்டுகள் இருப்பினும், எல்லாம் சேர்ந்தும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கே ஆகும். இத்திட்டுகளில் உள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன.

பீட்டா உயிரணு சுரப்பியாக இருப்பதோடு அளவுகோலாகவும் இருக்கிறது. குருதியில் உள்ள குளுக்கோஸ் அதனுள் நுழைந்து எரிந்து ஆற்றலாகிறது. அவ்வாற்றல் பெருகவே, உயிரணுவின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் அடைபடுகின்றன, மின்னிலை மாறுகிறது, கால்சியம் உட்புகுகிறது, முன்னரே ஆக்கிச் சேமித்து வைத்த இன்சுலின் மணிகள் வெளியே கொட்டப்படுகின்றன. சர்க்கரை எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்குச் சுரப்பும் மிகும்.

இச்சுரப்பு இரண்டு கட்டமாக நிகழ்கிறது. நரம்பு வழியே குளுக்கோஸைச் செலுத்தினால், முதற் பத்து நிமிடத்துக்குள் இன்சுலின் விரைந்து எழுந்து தணியும். இது முதற் கட்டம். பின்னர்ச் சர்க்கரை மிகுதியாக இருக்கும் வரை மெல்லத் தொடர்ந்து சுரக்கும். இஃது இரண்டாம் கட்டம். முதற் கட்டச் சுரப்பு, ‘உணவு வருகிறது, நீ இனிச் சர்க்கரையை வெளியிடாதே’ என்று ஈரலுக்குக் கூறும் முன்னறிவிப்புப் போன்றது. நீரிழிவு உருவாகும்போது முதலில் குன்றுவது இதுவே.

இன்சுலின் குறைவா, மிகுதியா?

1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் மெக்லாயிட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தனர். கொலிப் அதனைத் தூய்மையாக்கினார். 1922 சனவரியில் அது முதன்முதல் ஒரு சிறுவனுக்கு ஊசியாக ஏற்றப்பட்டது. இறக்கும் நிலையிலிருந்த பிள்ளைகள் உயிர் பெற்றனர். அதுமுதல், நீரிழிவு என்பது இன்சுலின் இல்லாமையால் வருவது என்ற கருத்து வேரூன்றிற்று.

ஆயினும் இலண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் 1936இல் இக்கருத்தை ஐயுற்றார். அவர் நோயாளிகட்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே வேளையில் கொடுத்துப் பார்த்தார். சிலரிடம் சர்க்கரை கட்டுப்பட்டது. சிலரிடம் அதே அளவு இன்சுலின் பெரிதும் பயன் தரவில்லை. ஆகவே, இன்சுலினுக்கு உடல் இணங்கும் வகை, இணங்காத வகை என நீரிழிவு இருவகைப்படும் என்றார்.

அக்காலத்தில் குருதியிலுள்ள இன்சுலினை நேரே அளக்க வழியில்லை. அதன் அளவு அத்துணை நுண்ணியது. நியூயார்க் நகரில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடின் சேர்த்த இன்சுலினைக் கொண்டு அதனை அளக்கும் முறையைக் கண்டனர். 1960இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை வியக்கச் செய்தது. வயது வந்தபின் நீரிழிவு கொண்டோரின் குருதியில் இன்சுலின் இல்லாமற் போகவில்லை. குளுக்கோஸ் உண்டபின் பலரிடம் அது பிறரினும் மிகுதியாகவே நின்றது. இம்முறைக்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார்.

இன்சுலின் மிகுந்திருந்தும் சர்க்கரை மிகுவது எங்ஙனம்? ஆசிரியர்க்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று உண்டு. வகுப்பில் மாணவர்க்குச் செவிப்புலன் சிறிது சிறிதாக மந்தமாகிறது என்று கொள்க. ஆசிரியர் குரலை உயர்த்துகிறார். பாடம் குறைவின்றி நடக்கிறது. மந்தம் மிகமிகக் குரலும் உயர்கிறது. தேர்வு முடிவை மட்டும் பார்க்கும் மேற்பார்வையாளர்க்கு வகுப்பில் ஒரு குறையும் தோன்றாது. ஒருநாள் ஆசிரியரின் தொண்டை கட்டிவிடுகிறது. அன்றுதான் தேர்ச்சி சரிகிறது; குறை வெளிப்படுகிறது.

தசையும் ஈரலும் கொழுப்புத் திசுவும் மந்தமான மாணவர், பீட்டா உயிரணு ஆசிரியர், இன்சுலின் குரல், சர்க்கரை அளவு தேர்வு முடிவு. உடல் இணங்காமையை இன்சுலின் எதிர்ப்பு என்பர். இணங்குதிறன் பாதியாகக் குறைந்தால், சர்க்கரையை நிலையாக வைத்திருக்க இன்சுலின் செயல் இருமடங்காக வேண்டும். இவ்விரண்டின் பெருக்கற்பலன் நலமுடைய ஒருவரிடம் ஏறத்தாழ மாறாதிருக்கும் என்பதை ரிச்சர்டு பெர்க்மன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1981இல் காட்டினர். ஆகவே இன்சுலின் மிகுதி என்ற ஒன்றைக் கொண்டே கணையம் நலமுடையது என்று சொல்லிவிட முடியாது. குரல் உரத்திருக்கலாம், ஆனால் அந்த மந்தத்துக்கு அது போதுமா என்பதே வினா.

பதின்மூன்று ஆண்டுச் சுவடு

இப்போராட்டம் ஆண்டுதோறும் எவ்வாறு நடக்கிறது என்பதை இலண்டன் அரசு ஊழியரிடம் நடந்த ‘வைட்ஹால்’ ஆய்வு காட்டியது. 1985இல் தொடங்கிய அவ்வாய்வின் முடிவு ஒன்று 2009இல் வெளிவந்தது. நீரிழிவு இல்லாத 6,538 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். அவர்களுள் 505 பேருக்குப் பின்னர் இரண்டாம் வகை நீரிழிவு வந்தது. நோய் உறுதியான நாளிலிருந்து பின்னோக்கிப் பதின்மூன்று ஆண்டு வரை அவர்தம் குருதிக் குறிப்புகளை அடுக்கிப் பார்த்தனர்.

உண்ணாநிலைச் சர்க்கரை பல ஆண்டுகளாக மிக மெல்லவே ஏறிவந்தது. நோய் உறுதியாவதற்கு மூன்று ஆண்டுக்கு முன் அதன் சராசரி ஒரு லிட்டருக்கு 5.79 மில்லிமோல். குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரம் கழிந்தபின் அளவு 7.60. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையின்படி உண்ணாநிலையில் 6.1க்கும், இரண்டு மணிக்குப்பின் 7.8க்கும் குறைந்தவை கவலைக்கு உரியன அல்ல. அஃதாவது, மூன்றே ஆண்டில் நோயாளியாகப் போகும் அக்குழுவினரின் சராசரி அளவுகள் இரண்டும் நல்ல எல்லைக்குள்ளேயே இருந்தன. அதன்பின் அவை செங்குத்தாக ஏறி, நோய் உறுதியானபோது 7.40 ஆகவும் 11.90 ஆகவும் நின்றன.

அதே குருதியில் இன்சுலின் கூறிய செய்தி வேறு. உடலின் இணங்குதிறன் நோய்க்கு ஐந்து ஆண்டுக்கு முன்னரே விரைந்து சரியத் தொடங்கியது. பீட்டா உயிரணுக்கள் அதனை ஈடுசெய்ய முனைந்தன. உண்ணாநிலைச் சர்க்கரையையும் இன்சுலினையும் கொண்டு அவற்றின் வேலையைக் கணிக்கும் முறை ஒன்று 1985இல் ஆக்ஸ்போர்டில் வகுக்கப்பட்டது. அக்கணக்கின்படி, நோய்க்கு நான்கு ஆண்டுக்கு முன் நூற்றுக்கு 85.0 ஆக இருந்த வேலை, மூன்று ஆண்டுக்கு முன் 92.6 ஆக உயர்ந்தது. பின்னர் அது வீழ்ந்து, நோய் உறுதியான நாளில் 62.4 ஆயிற்று. குரல் உயர்ந்து, பின் கட்டிய கதை இதுவே. குரல் மிக உயர்ந்திருந்த காலத்தில் சர்க்கரைக் குறிப்பில் குறை தெரியவில்லை.

குருதியில் உள்ள பிற சான்றுகள்

இன்சுலினை அளப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலின் முதலில் ஈரலை அடைகிறது. ஈரல் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்டபின் எஞ்சியதே கைநரம்பில் எடுக்கும் குருதிக்கு வருகிறது. எனவே அது சுரந்த அளவை முழுதும் காட்டாது. இதற்குத் துணையாக அமைந்தது சி-பெப்டைடு என்னும் பொருள்.

1967இல் சிகாகோ அறிஞர் டொனால்டு ஸ்டைனர், இன்சுலின் நேரே உண்டாவதில்லை என்பதைக் கண்டார். முதலில் புரோஇன்சுலின் என்னும் நீண்ட சங்கிலி உண்டாகிறது. அதன் நடுத்துண்டு வெட்டப்பட்டு, இரு முனைத் துண்டுகளும் இணைந்து இன்சுலின் ஆகின்றன. வெட்டுண்ட நடுத்துண்டே சி-பெப்டைடு. இன்சுலின் மூலக்கூறு ஒன்று வெளிவரும்போது சி-பெப்டைடு மூலக்கூறும் ஒன்று வெளிவரும். ஈரல் அதனைப் பெரிதும் தொடுவதில்லை. குருதியில் இன்சுலினைவிட நெடுநேரம் அது தங்கும். ஊசியாக ஏற்றும் இன்சுலினில் அது இல்லை. ஆதலின் ஒருவரின் கணையம் தானே எவ்வளவு சுரக்கிறது என்பதற்கு அது தக்க சான்று.

வேலை மிகுந்து தளர்ந்த பீட்டா உயிரணு வெட்டி முடிக்காத புரோஇன்சுலினையும் மிகுதியாக வெளியே அனுப்புகிறது. கட்டு வேலை முடியாத பொருளை அவசரத்தில் கடைக்கு அனுப்பும் தொழிற்சாலையின் நிலை அது. இன்சுலினை நோக்கப் புரோஇன்சுலினின் விகிதம் ஏறுவது உயிரணுவின் தளர்ச்சிக்கு அறிகுறி.

வேறு இடங்களிலிருந்தும் சான்றுகள் கிடைத்தன. அமெரிக்காவின் பிரேமிங்காம் ஆய்வில், பின்னாளில் நீரிழிவு கொண்ட 189 பேரின் பழைய குருதியை, நோய் வராத 189 பேரின் குருதியோடு ஒப்பிட்ட செய்தி 2011இல் வெளிவந்தது. லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின், பினைலலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்கள் நோய் கொண்டாரிடம் முன்னரே மிகுந்திருந்தன. அக்குருதி, நோய் உறுதியாவதற்குப் பன்னிரண்டு ஆண்டு வரை முன்னதாக எடுத்து உறையவைத்தது. இவையன்றி, குருதிக் கொழுப்பாகிய டிரைகிளிசரைடு மிகுதலும், கொழுப்புத் திசு சுரக்கும் அடிபோனெக்டின் குறைதலும் இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்து வருவன.

சிவப்பணுவின் நிறப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி சோதனையை இன்று பலர் அறிவர். ஈரானிய அறிஞர் சாமுவேல் ரஹ்பர் 1968இல் நீரிழிவாளரிடம் இதன் மிகுதியைக் கண்டார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், இரண்டு மூன்று மாதச் சராசரியை இது காட்டும். 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் காட்டும் எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்றது. தலசீமியா முதலிய குருதிக் குறை உடையாரிடம் இவ்வளவு பிழைபடக் கூடும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். மேலே கூறிய புதிய சான்றுகளுள் எதுவும் தனித்து நின்று நோயை உறுதி செய்வதில்லை. நோயை உறுதி செய்ய இன்றும் சர்க்கரை அளவும் எச்பிஏ1சியுமே கருவிகள். இன்சுலின் அளவு ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறுபடுவது. எனவே ஒருவர் தாமே அச்சோதனையைச் செய்துகொண்டு அஞ்சுவதும் மகிழ்வதும் தகா. இவ்வாராய்ச்சிகளின் பயன், நோய்க்கு முன்னே நெடுங்காலம் ஒன்று உண்டு என்பதை ஐயமற நிறுவியதே.

உயிரணுக்கள் தளரும் காரணம்

பீட்டா உயிரணுக்கள் தளர்கின்றனவா, மடிகின்றனவா? இரண்டும் நிகழ்கின்றன. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இறந்தோர் 124 பேரின் கணையங்கள் ஆராயப்பட்டன. பருத்த உடலினருள், நீரிழிவு இருந்தோர்க்குப் பீட்டா உயிரணுத் திரள் நோயற்றோரை நோக்க நூற்றுக்கு 63 பங்கு குறைந்திருந்தது. உண்ணாநிலைச் சர்க்கரை சற்றே மிகுந்து, நோய் என்னும் எல்லையை எட்டாதோரிடமும் 40 பங்கு குறைந்திருந்தது.

மரபு இதற்கு ஒரு காரணம். எல்லோர் கணையமும் ஒரே வலிமை உடையதன்று. பருத்தோர் பலர் வாழ்நாள் முழுதும் நீரிழிவின்றி வாழ்வதற்கு அவர்தம் பீட்டா உயிரணுக்களின் வலிமையே காரணம். ஈரலிலும் கணையத்திலும் சேரும் கொழுப்பு மற்றொரு காரணம். மிகுந்த சர்க்கரையே அவ்வுயிரணுக்களை மேலும் நலிவிப்பது மூன்றாவது.

இந்திய மரபினர் இவ்விடத்தில் விழிப்பாக இருத்தல் வேண்டும். பார்வைக்கு மெலிந்தோரிடமும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்திருப்பது அவரிடையே பெருவழக்கு. சென்னையில் செய்யப்பெற்று 2013இல் வெளியான ஆய்வொன்று, சர்க்கரை சிறிதளவே மாறிய நிலையிலும் அவர்தம் பீட்டா உயிரணுக்களின் செயல் குன்றியிருப்பதைக் காட்டியது. ஆகவே ‘நான் பருமனாக இல்லையே’ என்று இருந்துவிடுவது அவர்க்குப் பாதுகாப்பன்று.

காலத்தே செய்வன

முன்னறிவிப்பை அறிந்து பயன் யாது? காலத்தே முயன்றால் போராட்டத்தின் போக்கை மாற்றலாம் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. உணவைத் திருத்தி, எடையைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தோர் முதலிய பயிற்சியாளரிடம், அம்முயற்சி இல்லாதாரை நோக்க நோய் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெட்பார்மின் மருந்து உண்டோரிடம் 31 பங்கு குறைந்தது. இந்தியாவில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டில் அறிவுரை பெறாதாருள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவும் நடையும் திருத்தியோருள் 39.3 பேரே நோயுற்றனர்.

நோய் வந்தபின்னும் வழி முற்றும் அடைபடுவதில்லை. பிரித்தானியாவில் 306 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு மேற்படாதோர் மருத்துவர் மேற்பார்வையில் உணவைப் பெரிதும் சுருக்கி எடையைக் குறைத்தனர். ஓராண்டில் அவர்களுள் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றோருள் 4 பேரே அவ்வாறு வந்தனர். அங்ஙனம் மீண்டவரிடம் ஈரலிலும் கணையத்திலும் கொழுப்பு குறைந்து, இழந்த முதற் கட்டச் சுரப்பும் ஓரளவு திரும்பியது. நோய் வந்து ஆண்டுகள் கடந்தோரிடம் இத்திரும்புதல் அரிதாயிற்று. களைத்த உயிரணு ஓய்வு பெற்றால் எழும். நெடுநாள் நலிந்தது எழுவது அரிது.

பள்ளியில் காணும் குறி

இக்குருதிச் செய்தியைக் கருவியின்றிக் கண்ணால் காணும் வாய்ப்பும் ஒன்று உண்டு. இன்சுலின் நெடுநாள் மிகுந்திருக்குமாயின், அது தோலின் உயிரணுக்களையும் தூண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, பட்டுத்துணி போன்ற தன்மை பெறும். பருத்த பிள்ளைகளிடம் இது பலமுறை காணப்படும். அழுக்கு என்று எண்ணிப் பெற்றோர் தேய்த்துக் குளிப்பாட்டுவர். ‘கழுத்தைக் கழுவி வா’ என்று வகுப்பில் கடிந்துரைப்பதும் உண்டு. பிள்ளை எவ்வளவு தேய்த்தும் அது போகாது, நாணமே மிஞ்சும். அஃது அழுக்கன்று, உடல் இன்சுலினுக்கு இணங்க மறுப்பதைத் தோல் காட்டும் குறி. கருமை கண்ட பிள்ளை யாவர்க்கும் நீரிழிவு வரும் என்பதில்லை. ஆயினும் அப்பிள்ளையைக் கடிவதை விடுத்து, பெற்றோரைத் தனியே அழைத்து மருத்துவரிடம் காட்டுமாறு கூறுதல் ஆசிரியர் செய்யத்தக்க உதவி.

பெரியோர்க்கும் இதுவே நெறி. தாய் தந்தையருக்கு நீரிழிவு உடையோரும், வயிறு பருத்தோரும், கருவுற்ற காலத்தில் சர்க்கரை மிகுந்த பெண்டிரும் ஒருமுறை சோதித்து ‘அளவு நல்லது’ என்ற சீட்டைப் பெற்றவுடன் அதனை மறந்துவிடலாகாது. அச்சீட்டு அன்றைய சர்க்கரையைக் கூறும். அதனை அந்த அளவில் நிறுத்தக் கணையம் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கூறாது. மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் சோதிப்பதும், பழைய சீட்டுகளைச் சேர்த்து வைத்து ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதும் நலம். 5.2 ஆக இருந்தது 5.5 ஆகி, பின் 5.8 ஆகுமாயின், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருப்பினும் மூன்றும் சேர்ந்து ஒரு செய்தியைக் கூறுகின்றன. உணவையும் நடையையும் திருத்திக்கொள்ள அதுவே தக்க காலம்.